தாசில்தாருக்கு மாட்டுன ஒம்போது வாட்டு

போன வாரம் செவ்வாக்கெழம மத்தியானம் பன்னெண்டு மணிக்கு என் சட்டைக்குள்ள ஒரு ஓணான் இருந்துது.

அதுவா பூந்துக்கல. நாந்தான் வச்சிகினு இருந்தேன். செங்கல்பட்டுல ஒரு வூட்டு சோபாவுல, நெஞ்சோட அணைச்சிகினு, அசையாம. நான் அசையாம இருந்து யாரும் பாத்ததில்ல. எங்கம்மா பாத்திருந்தா டாக்டரையே கூட்டிகினு வந்திருக்கும்.

அது உயிரோட கீதா, இல்லியா... அதுதான் தெரில.

சிரிக்காதீங்க. தப்பு என்னுது.

நம்ம தொழிலு உங்களுக்கு தெரியும். வயரிங், மோட்டரு, சீரியல் லைட்டு. அதுக்கு மேல எனக்கு ஒரு கிறுக்கு — பல்பு வீணா எரிஞ்சா எனக்கு வயிறு எரியும். எங்க ஊரு சத்ராஸ்ல பாதி வூட்டுல குண்டு பல்ப கழட்டி எல்.ஈ.டி. போட்டது நாந்தான். கரண்டு மிச்சம் புடிக்கிறத பத்தி முன்ன இந்த பத்திரிகையில எழுதனப்ப, மதுராந்தகத்துலர்ந்து ஒரு வாசகரு ‘தம்பிக்கு நல்ல அறிவு’ன்னு லெட்டரு போட்டாரு. சார், அந்த லெட்டர திருப்பி அனுப்பிடவா?

செங்கல்பட்டு மெர்சி அக்கா ஆஸ்பத்திரியில நர்சு. வூட்டுக்காரரு டேவிட் அண்ணன் கத்தார்ல வேல பாக்குறாரு. அவரு ஆசையா வாங்கி வுட்டுட்டு போன ஜீவன் ஒண்ணு வூட்டுல கீது — பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியா பாலைவனத்து ஓணான்னு வச்சிக்குங்க. மொழம் நீளம், கழுத்துல தாடி மாதிரி முள்ளு. ஒரே கல்லு மேல ஒக்காந்துகினு, வர்றவன ஒத்த கண்ணால பாத்துட்டு திரும்பிக்கும். அதனால பேரு தாசில்தாரு. அத ஃபாரஸ்ட் ஆபீஸ்ல பதிஞ்ச பேப்பரு ஹால்ல பிரேம் போட்டு தொங்குது. கல்யாண போட்டோ பீரோவுக்குள்ள கீது.

டெய்லி சாயந்தரம் ஆறு மணிக்கு அண்ணன் வீடியோ கால் பண்ணுவாரு. மொதல்ல தாசில்தாரு. அப்பாலதான் அக்கா.

மழ புடிக்கிறதுக்கு மொத நாளு அக்கா என்ன கூப்ட்டாங்க. "டேய் மூர்த்தி, இந்தப் பொட்டி மேல நாள் பூரா ஒரு பல்பு எரியுதுடா. மீட்டர பாத்தா மயக்கமா வருது. உன் எல்.ஈ.டி.ய போட்டு குடு."

போயி பாத்தேன். கண்ணாடிப் பொட்டி, மேல கம்பி வலை. வலைக்கு மேல நீட்டா ஒரு ட்யூப்பு. கல்லுக்கு நேரா நூறு வாட்டு பல்பு. மணி காலையில பதினொண்ணு, ஜன்னல்ல வெளிச்சம் கொட்டுது. ஒரு ஓணானுக்கு நூறு வாட்டு.

"இன்னாக்கா இது, கல்யாண மண்டபமா?"ன்னு கேட்டுட்டு பல்ப கழட்டி ஒம்போது வாட்டு எல்.ஈ.டி.ய மாட்டுனேன். முன்னவிட பளிச்சுனு எரிஞ்சிது. கைய வச்சு வேற காட்டுனேன். "தொட்டு பாருக்கா, சூடே இல்ல. ஒரு பொட்டு வேஸ்ட்டு கெடையாது."

கழட்டுன பல்ப பையில போட்டுகினு வந்துட்டேன்.

நாலு நாளு விடாத மழ. செவ்வாக்கெழம காலையில வூட்டுல நாஸ்தா துன்னுகினு இருந்தேன். அம்மா புதுசா பொரிச்ச கோழிக்குஞ்சுங்கள அட்டப்பொட்டியில வுட்டு, குளிருக்கு மேல ஒரு பல்பு தொங்க வுட்டிருந்துது. எல்லாம் அதுக்கடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு நிக்குது.

"நீ கொணாந்த பல்பு நல்லா சுடுதுடா. ஒரு குஞ்சு கூட சாவல"ன்னு அம்மா சொல்லிகினு இருக்கும்போதே போனு அடிக்குது.

மெர்சி அக்கா. கொரலு சரியில்ல.

"மூர்த்தி, தாசில்தாரு கண்ணு தொறக்கலடா. தொட்டா ஜில்லுனு கீது. தாடி கறுத்துப் போச்சு. நேத்து வயிறு நெறய புழு துன்னுச்சு, அதோட சரி, அசையவே இல்ல."

நான் குஞ்சுங்கள பாத்தேன். பல்ப பாத்தேன். கையில இட்லி அப்டியே நின்னுது.

குஞ்சுக்கு பல்பு எதுக்குன்னு எனக்கு தெரியாதா? சூட்டுக்கு. வெளிச்சத்துக்காக எவனாச்சும் கோழிக்கு பல்பு போடுவானா? இது தெரிஞ்ச அதே கைதான் அங்க பல்ப கழட்டுச்சு. ஓணான்கிட்ட புடுங்கி கோழிகிட்ட குடுத்திருக்குது.

என் தொழில்ல சூடுன்னா நஷ்டம். வயரு சுட்டா தப்பு, மோட்டரு சுட்டா தப்பு, பல்பு சுட்டா கரண்டு வேஸ்ட்டு. வருசக்கணக்கா அப்டியே பாத்து பழகிட்டா... வேஸ்ட்டுன்னு நான் சொன்னதுல ஒருத்தன் குளிர் காஞ்சிகினு இருக்கான்னு எங்க தெரியப் போவுது?

பல்ப புடுங்குனேன். "டேய், குஞ்சு சாவும்டா"ன்னு அம்மா பின்னாடியே வருது. "அடுப்பாண்ட தூக்கி வையிம்மா"ன்னுட்டு, பல்ப துண்டுல சுத்தி சட்டைக்குள்ள போட்டுகினு பைக்க எடுத்தேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ரோட்டு மேலயே தண்ணி ஓடுது. எதுத்தாப்புல வந்த பஸ்ஸு ஒரு குண்டா தண்ணிய மூஞ்சியில அடிச்சிட்டு போச்சு. நான் மூஞ்ச மூடல, பல்பதான் மூடுனேன். வழியெல்லாம் மனசு பொய்ய தேடிகினே வருது. மழ குளிருன்னு சொல்லலாமா? வோல்ட்டேஜு கொறச்சல்னு சொல்லலாமா? எலெக்ட்ரீஷியன் சொன்னா யாரு எதுத்து கேப்பா?

அக்கா நைட் ட்யூட்டி முடிச்சி வந்த யூனிஃபார்ம கூட மாத்தல. தாசில்தாரு கல்லு மேல சப்பையா கெடக்குது. பல்ப மாட்டி சுட்ச்ச போட்டேன். எரிஞ்சிது. ரெண்டு நிமிசம். அப்பால பட்டுனு அணைஞ்சிது. தெரு பூரா கரண்டு இல்ல. எங்கியோ மரம் சாஞ்சி லைன் அறுந்துடுச்சாம். சாயந்தரம் வரும்னாங்க... வந்தா.

கரண்டு இல்லாத எடத்துல எலெக்ட்ரீஷியன் யாரு? ஸ்க்ரூ டிரைவரு வச்சிகினு நிக்கிற ஒரு ஆளு. அவ்ளோதான்.

டேவிட் அண்ணன் பொட்டியில ஒரு டாக்டரு நம்பரு எழுதி ஒட்டி வச்சிருந்தாரு. சென்னையில கீற டாக்டரம்மா. அக்கா போன ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"அதுக்கு தானா ஒடம்ப சூடு பண்ணிக்கத் தெரியாதும்மா. வெளிய சூடு இல்லன்னா தின்னது ஜீரணம் ஆகாது, வயித்துக்குள்ளேயே அழுகிடும். சட்டுனு நெருப்பு கிட்ட எல்லாம் காட்டாதீங்க. மெதுவா சூடு குடுங்க. வெந்நீர் பாட்டில துணியில சுத்தி பக்கத்துல வைங்க. யாராவது நெஞ்சோட சேத்து வச்சுக்கோங்க. அசைஞ்சு, மோஷன் போயிடுச்சுன்னா பயம் இல்ல. இல்லன்னா எப்படியாவது இங்க எடுத்துட்டு வந்துடுங்க."

போன வச்சிட்டு அக்கா என்ன பாத்தாங்க.

"நீதான கழட்டுன. நீயே பல்பா இரு."

"எவ்ளோ நேரம்க்கா?"

"அது சொல்ற வரைக்கும்."

அப்டித்தான் தாசில்தாரு என் சட்டைக்குள்ள வந்தாரு. ஃப்ரிட்ஜுலர்ந்து எடுத்த பாவக்கா கணக்கா இருந்துது.

பன்னெண்டரை. ஒண்ணு. அக்கா வெந்நி பாட்டில மாத்தி மாத்தி வைக்கிறாங்க. பல்ஸு பாத்து பழகுன கையி. ஓணானுக்கு எங்க பாக்குறதுன்னு தெரியாம தாடைக்கு கீழ வெரல வச்சு வச்சு எடுக்குறாங்க.

"ஐ.சி.யு.வுல நிக்கிறவடா நானு. ஓணானுக்கு பல்ஸு பாக்கத் தெரில பாரு"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சி, "ஆறு மணிக்கு அவருக்கு எத காட்டுவேன்?"

மார்மேல இன்னொரு துண்ட இழுத்து போத்திகினேன்.

ரெண்டு. ரெண்டேகாலு.

ரெண்டரைக்கு மார்ல சுருக்குனு ஒரு குத்து.

"யக்கா... நகம்."

"பொய் சொன்ன, கொன்னுடுவேன்."

"நெஜமா குத்துதுக்கா. ஆங், இப்ப பின்னங்காலு."

தாசில்தாரு மெள்ள தலைய தூக்கி, சட்ட பட்டனு சந்துல ஒத்த கண்ண தொறந்து என்ன பாத்துது. திரும்பவும் மூடிக்கிச்சு. மூணு மணிக்கு என் வயித்தாண்ட ஈரமா ஒண்ணு எறங்குச்சு. அந்த நாத்தத்த எழுதுனா எடிட்டரு வெட்டிடுவாரு. அக்கா என் சட்டைய பாத்து "ஏசப்பா, ஸ்தோத்திரம்"னு அழுதாங்க. என் சட்டைய பாத்து யாரும் கடவுளுக்கு நன்றி சொன்னதில்ல.

அஞ்சு மணிக்கு கரண்டு வந்துது. ஆறு மணிக்கு போனு வந்துது.

தாசில்தாரு கல்லு மேல, நூறு வாட்டுக்கு அடியில. பாக்க நல்லாதான் கீது. அக்கா என்ன காட்டிக் குடுக்கல. சும்மா போன என் பக்கமா திருப்பி புடிச்சாங்க. அதுதான் மோசம். ரோட்ல சேத்து வச்ச பொய்யி ஒண்ணு கூட கைக்கு வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன், கோழிக்குஞ்சு வரைக்கும்.

நெட்டு நின்னுடுச்சான்னு பாத்தேன். இல்ல, அண்ணன் கண்ணு சிமிட்டுது.

"சனிக்கெழம வா"ன்னு வச்சிட்டாரு.



சனிக்கெழம போனேன். அண்ணன் போன்ல கீறாரு. திட்டவே இல்ல. திட்டியிருந்தா தேவல. பொறுமையா சொன்னாரு. "வெளிச்சம் வேற, சூடு வேற, வெயிலு வேற. மூணையும் ஒரே பல்புல தேடாத. உன் எல்.ஈ.டி. வெளிச்சத்துக்கு இருக்கட்டும், அது தப்பில்ல. சூட்டுக்கு தனியா வை. அந்த ட்யூப்புதான் அதுக்கு வெயிலு, யூ.வி. கதிரு குடுக்குறது. ஜன்னல் கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், அந்த கதிரு உள்ள வராது. ட்யூப்பு எரிஞ்சிகினு இருந்தாலும் உள்ள சத்து கொறஞ்சிகினே போவும். எரியுதேன்னு வுட்டுடாத, நாள் பாத்து மாத்து."

அப்ப கரண்ட எங்கதான் மிச்சம் புடிக்கிறது? பொட்டிய சுத்தி கைய வச்சு பாத்தேன். மூணு பக்க கண்ணாடியிலயும், மேல வலையிலயும் சூடு வெளிய ஓடுது. ஓட்ட சொம்புல தண்ணி புடிச்ச கதைதான்.

சத்ராஸ்ல மீனு கட்டுற தெர்மாகோல் பொட்டி ரெண்ட வாங்கி, கழுவி, அறுத்து மூணு பக்கமும் வெளியால ஒட்டுனேன், பல்பு சூடு படாத அளவுக்கு தள்ளி. வலையில பாதிய மூடி, காத்துக்கு மீதிய வுட்டேன். நூறு வாட்ட எடுத்துட்டு, கல்லுல மட்டும் குறி வச்சு அடிக்கிற அம்பது வாட்டு ஹாலஜன். சூடு ஏறுனா தானா அணைச்சி, எறங்குனா போடுறதுக்கு ஒரு தெர்மோஸ்டாட். கல்லு மேல சூட்டுமானி வச்சு அண்ணனுக்கு காட்டி காட்டி பல்பு ஒசரத்த சரி பண்ணுனேன். இப்ப பல்பு கொஞ்ச நேரம் எரியுது, கொஞ்ச நேரம் அணையுது. அந்த அணையிற நேரம் பூரா மிச்சந்தான். கேட்டீங்களா, மதுராந்தகம் சாரு?

எல்லாம் முடிச்சேன். அண்ணன் இன்னும் போன வைக்கல.

"எத்தினி நேரம்டா சட்டைக்குள்ள வச்சிருந்த?"

"மூணு மணி நேரம்ணா."

அவரு தாசில்தார பாத்துகினே இருந்தாரு. "வாங்கி நாலு வருசம் ஆவுது. என்கிட்ட ஒரு நாளும் அப்டி ஒட்டிகினு இருந்ததில்ல."

சமையல்கட்டுலர்ந்து மெர்சி அக்கா கொரலு. "லீவு போட்டு வந்து பக்கத்துல ஒக்காரு. ஒட்டும்."

அக்கா கைய தொடச்சிகினு வந்து என் கையிலர்ந்து போன வாங்கிகினாங்க. நான் ஸ்க்ரூ டிரைவர எடுத்துகினு கெளம்பிட்டேன்... அங்க எலெக்ட்ரீஷியனுக்கு வேல இல்ல.