வெட்டிய பின்னும் எரிந்த விளக்கு

“…வெட்டாம கை வைக்கிற ஆளா அவரு? சொல்லுங்க பாசண்ணே, உங்க கூட நின்னு வேலை செஞ்சவருதானே!”

மோட்டர் அறை வாசலில் நின்று இப்படிக் கேட்டவள், போன மாதம் அதே அறையில் மின்சாரம் தாக்கி இறந்த மோட்டர்காரனின் மனைவி. தெல்தெனியவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலை ஸ்டோர், கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தொழிற்சாலை, அது. சுவிச்சை வெட்டி மின்சாரத்தை நிறுத்தாமல் கம்பியைத் தொட்டான், தப்பு அவனுடையதுதான் என்று ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் விபத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டார். அந்த எழுத்து மாறவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஸ்டோரின் தண்ணீர்ச் சக்கரத்துக்குத் துணையாக அந்த மோட்டரைப் பூட்டின பாஸ், அதாவது மெக்கானிக், நான். வெட்டிவிட்டால் பயமில்லை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

இலை சலிக்கிற பெண்கள் அந்த அறைப்பக்கம் வருவதில்லை. “வெட்டுன பொறகும் அதுக்கு உசுரு இருக்குங்க,” என்றார்கள். சிரித்துக்கொண்டே மோட்டர் முனைகளில் ஒரு பல்பைக் கட்டி, சுவிச்சை வெட்டினேன்.

பல்பு அணையவில்லை. கொஞ்சம் சிவந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டப்பகல்தான். வெளியே மூடுபனி. ஆணியில் செத்தவனின் துண்டு, மோட்டர் காற்றில் மெல்ல ஆடியது. வரும் வழி அறுந்து கிடக்க, யாரப்பா இந்தப் பக்கமிருந்து அனுப்புகிறது?

தரையில் உட்கார்ந்து, இரண்டு நூல்கட்டைகளை ஒரு குடைக்கம்பியில் இறுக்கிக் கோத்துச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்புகிறது. இங்கேயும் அப்படித்தானே! தண்ணீர்ச் சக்கரமும் மோட்டரும் ஒரே தண்டில். சுவிச்சை வெட்டினாலும் தண்ணீர் மோட்டரைச் சுற்றுகிறது. சுற்றப்படுகிற மோட்டர் தானே மின்சாரம் உண்டாக்குகிறது. அவன் வெட்டித்தான் இருக்கிறான். என் பேச்சை நம்பித் தொட்டிருக்கிறான்.

டீமேக்கரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து.

“விளக்கு எரிஞ்சா என்னப்பா? எழுதினது எழுதினதுதான்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் உள்ளே வந்தாள். நான் மறுபடி போட்டிருந்த சுவிச்சைத் தன் கையாலேயே வெட்டினாள்.

“வெட்டியாச்சுங்க ஐயா. இப்ப நீங்க கம்பியத் தொடுங்க.”

டீமேக்கர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். பல்பு எரிந்துகொண்டேயிருந்தது.

அவள் போய் அவர் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துவந்து, அவர் எழுதியது எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டு, அந்தச் சிவந்த வெளிச்சத்தில் அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள்.