கொளஞ்சி வைத்த டைமிங்

புதுச்சத்திரத்தில் என் டீக்கடைக்கு எதிரே கொளஞ்சியின் பட்டறை. எனக்குத் தம்பி முறை என்பதால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். அண்ணன் முறையாக இருந்தாலும் அந்த ஆளுக்கு அதற்கு மேல் மரியாதை கிடைத்திருக்காது. வெள்ளைக்காரன் நாட்டுப் பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்கள், பி.எஸ்.ஏ., மேட்ச்லெஸ் எல்லாம் கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் அவனிடம்தான் வரும். வேலையில் கைகாரன், அதில் நான் பொய் சொல்லக் கூடாது. ஆனால் மனசு முழுக்க விஷம்.

தன்னைத் தவிர வேறு யார் உதைத்தாலும் வண்டி கிளம்பக் கூடாது, அதுதான் அவனுக்குப் பெருமை. அதற்காக எஞ்சினில் நெருப்புப் பிடிக்கும் நேரத்தை, அந்த டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துவிடுவான். நெருப்பு முந்திப் பிடித்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். எப்போது காலை எடுக்க வேண்டும் என்று அவனுக்கு மட்டும் தெரியும். மற்றவன் நொண்டிக்கொண்டே அவனிடம் திரும்பி வருவான்.

"எவன் காலாவது போயிடப்போவுதுடா," என்றேன் ஒரு நாள்.

"கால்ல தெம்பு இல்லாதவனுக்கு எதுக்குக்கா பி.எஸ்.ஏ.? மொபெட் வாங்கி ஓட்டட்டும்."

போயேவிட்டது. அவனிடம் பி.எஸ்.ஏ.வைச் சரிபார்த்து எடுத்துப்போன சிதம்பரத்து ஸ்ரீதருக்கு, கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் எலும்பு முறிந்தது. அவர் மனைவி காயத்ரி அழுதுகொண்டே போன் செய்தாள். இவன் கேட்டானாம்: "அது கெடக்கட்டும்மா, வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே?" அவள் அழுகையையும் சேர்த்து நடித்துக் காட்டி, என் கடைக்கு வருகிறவனையெல்லாம் சிரிக்க வைத்தான். த்தூ! வண்டி டெம்போவில் ஏறி மறுபடி பட்டறைக்கே வந்தது. அப்போதும் டைமிங்கில் அவன் கை வைக்கவில்லை.

அவனுக்கு ஒரே மகள், வினோதினி. தாயில்லாப் பெண். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகிவிட்டாள், கடலூரில் ஓட்டத் தேர்வு மட்டும் பாக்கி. விடியும் முன்னே சிதம்பரம் ரோட்டில் அவள் ஓடுவதைப் பார்த்துத்தான் நான் அடுப்பு பற்ற வைப்பேன்.

"காக்கி போட்டதும் மொத லத்தியடி எங்கப்பாவுக்குத்தான் அத்த," என்று சிரிப்பாள்.

"நல்லா ரெண்டு சேத்துப் போடு," என்பேன்.

தேர்வு நாள் காலையில் பஸ் அவளை ஏற்றாமலே போய்விட்டது. எங்களுக்குத் தெரியாது. கடை முன்னால் ஒரு லாரி நின்று எதிர்ப்பக்கத்தை மறைத்திருந்தது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரம் தப்பிவிடும். பட்டறை வாசலில் ஸ்ரீதர் வண்டி நின்றது. அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. அவளுக்கோ ஓட்டத் தெரியும்.

கொளஞ்சி என் பெஞ்சில் உட்கார்ந்து, லாரி டிரைவருக்கு அதே காயத்ரி கதையை நடித்துக்கொண்டிருந்தான். "வண்டிக்கு ஒண்ணும் ஆவலையேன்னு கேட்டேன் பாரு!"

டிரைவர் சிரித்து முடிக்கவில்லை. லாரிக்கு அந்தப் பக்கம் டப்பென்று ஒரு சத்தம், கூடவே அவள் அலறல்.

மெக்கானிக் பெற்ற பெண். பிஸ்டனை இடத்துக்குக் கொண்டுவந்து, முறையாகத்தான் உதைத்திருக்கிறாள். ஓட்டத்துக்கென்று வாங்கிய புது ஷூவுக்கு மேலே, கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"உன்ன யாருடி தொடச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே ஓடினான் கொளஞ்சி. கிட்டே போனதும் அவள் காலைப் பார்க்கத் தெம்பில்லாமல் கிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான், பாவி.

நான் ஓடிப்போய்த் தாங்க, அவள் என் மடியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மெல்ல நிமிர்ந்து அப்பனைப் பார்த்தாள்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலப்பா," என்றாள்.