செம்பு தேடி இறங்கிய கிணறு

குடிக்கிற தண்ணீரில் பெட்ரோல் மணந்தால் முதலில் யாரைச் சந்தேகிப்பாய்? மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் இருக்கும் சந்திரமதி அக்கா என்னிடம் இப்படித்தான் கேட்டார். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தரவில்லை. பதிலை அவரே சொன்னார். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அது ஜப்பான்காரன் ஆண்ட காலம். சந்திரமதியின் புருஷன் மருதமுத்து பெரிய சாலையோரம் இருந்த பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தான். சண்டைக்கு முன் யார் யாரோ வந்து எண்ணெய் போட்ட இடம், இப்போது ராணுவ லாரிகளுக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. பெட்ரோல் பூமிக்கு அடியில் ஓர் இரும்புத் தொட்டியில் கிடந்தது. காலையில் நீளக் கம்பு ஒன்றை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து அதிகாரியிடம் சொல்வது மருதமுத்துவின் வேலை.

நிலையத்துக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கும். அந்தச் சரிவில்தான் அவர்கள் குடியிருந்த லோரோங், ஒரு சின்னச் சந்து. வரிசையாகப் பலகை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே கிணறு.

மழைக்காலம் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் மணக்கத் தொடங்கியது. முதலில் லேசாக. பிறகு வாளியை மேலே இழுத்தாலே மூக்கில் ஏறியது. தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஏதோ மினுங்கியது. சந்திரமதி கிணற்றடிக்குப் போனால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ரஹீமா மட்டும் மூடவில்லை. அவள் மளிகைக்கடை ஷரீஃபுதீனின் மனைவி.

"ஏ சந்திரமதி! ஒன் புருசன் கிணத்துல என்னத்த எறக்கி வச்சிருக்கான்? எங்க வூட்டு ஊபிக் கிழங்குல லாரி மணக்குது."

"செம்பை எடுத்து ஒளிச்ச கைக்குத்தானே ராத்தா ஒளிக்கிற எடமெல்லாம் தெரியும்?"

அது பழைய சண்டை. சந்திரமதிக்குத் தாய்வீட்டில் கொடுத்த பித்தளைச் செம்பு கிணற்றடியில் காணாமல் போயிருந்தது. கடைசியாக அங்கே நின்றவள் ரஹீமா. அவள்தான் எடுத்தாள் என்று சந்திரமதி லோரோங் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருந்தாள்.

வாயால் அப்படி வெட்டினாலும் வீட்டுக்குள் வந்ததும் சந்திரமதிக்கும் அதே சந்தேகம்தான். மருதமுத்து சமீபத்தில் ஒரு டின் செம்பனை எண்ணெய் கொண்டுவந்தான். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "லாரிக்காரன் குடுத்தான்" என்றான். எந்த லாரிக்காரன் சும்மா கொடுக்கிறான்? அவன் தூங்கும்போது அவள் அவன் சட்டையை மோந்து பார்த்தாள். பெட்ரோல் வாடை அடித்தது. அது எப்போதும் அடிப்பதுதான். ஆனால் இப்போது அது வேறு மாதிரி மணந்தது.

ஒருநாள் மத்தியானம் ஷரீஃபுதீன் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"தங்கச்சி, மருதமுத்துவப் புடிச்சு வச்சிருக்கானுங்க! கம்புல அளவு கொறஞ்சுக்கிட்டே போகுதாம். திருடிட்டான்னு அடிக்கிறானுங்க. நாளைக்கு வீடு வீடா சோதனை போடப் போறானுங்களாம். கிணத்துல இருக்கறத எடுத்துரும்மா. இந்த வாடையை மோந்துட்டானுங்கன்னா அவன் தலை தங்காது."

கிணற்றில் ஒன்றுமில்லை என்று சந்திரமதி சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு நம்பிக்கை இல்லை.

ஆண்கள் சேர்ந்து கிணற்றை இறைத்தார்கள். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வற்றியது. யார் இறங்குவது? ஷரீஃபுதீன் தன் வயிற்றைத் தடவி, "எனக்கு இந்தக் கிணறு பத்தாது" என்றார். மற்றவர்கள் சாலைப் பக்கம் பார்த்தார்கள். திருட்டுச் சாமானைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? சந்திரமதி சேலையை வரிந்து கட்டினாள். ரஹீமா வந்து அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள்.

"விட்டுராதீங்க ராத்தா."

"விட்டா ஒன்னையும் நான்தான் எடுத்து ஒளிச்சேன்னு சொல்லுவே. எறங்கு."

கற்களின் இடுக்கில் கால் வைத்து இறங்கினாள். உள்ளே வாடை நெஞ்சை அடைத்தது. தகர டின் காலில் தட்டுப்படும், இதோ தட்டுப்படும் என்று சேற்றைத் துழாவினாள். பிய்ந்த வாளி ஒன்று. தேங்காய்ச் சிரட்டை. பிறகு உருண்டையாக ஏதோ. குனிந்து எடுத்தாள். அவளுடைய செம்பு. அடியில் கீறியிருந்த 'ச' அப்படியே இருந்தது.

டின் எதுவும் இல்லை.

தலை சுற்றியது. விழாமலிருக்கச் சுவரில் கை ஊன்றினாள். கை வழுக்கியது. நிலையம் இருந்த பக்கத்துக் கற்களுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கசிந்தது, அதோடு மினுங்கிக்கொண்டு பெட்ரோலும் வந்தது. மற்றப் பக்கத்துக் கற்களைத் தடவி மோந்தாள். சுத்தம். யாரும் மேலேயிருந்து எதையும் இறக்கவில்லை. மண்ணுக்குள்ளேயே வருகிறது! செம்பைக் கசிவுக்கு நேராகப் பிடித்து, கொஞ்சம் சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலே வந்ததும் ரஹீமாவின் கண் செம்பின் மேல் விழுந்தது.

"மோந்து பாத்தியா? அதுல என் திருட்டு மணக்குதா?"

சந்திரமதி செம்பை ஏந்தியபடி நிலையத்துப் பக்கம் திரும்பினாள். ரஹீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "நட. ஒனக்கு மலாய் வராது."

நிலைய வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், வாயில் சிகரெட். அவன் முன்னால் யாராக இருந்தாலும் கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து இடுப்புவரை குனிய வேண்டும். சந்திரமதி செம்பை நெஞ்சோடு அணைத்தபடி குனிந்தாள். அது வணக்கமே இல்லை என்று அவனுக்குக் கோபம். கன்னத்தில் ஓங்கி அறைந்தான். செம்பில் இருந்ததில் பாதி அவன் பூட்ஸில் கொட்டியது.

அவன் கையை மறுபடி ஓங்கினான். மூக்கு சுருங்கியது. குனிந்து பூட்ஸைப் பார்த்தான். சிகரெட்டை எடுத்துச் சாலைக்கு அந்தப் பக்கம் வீசினான்.

"தாங்கி போச்சோர், தூவான்! தாங்கி போச்சோர்!" என்று கத்தினாள் ரஹீமா. தொட்டி ஓட்டை, ஐயா, தொட்டி ஓட்டை.

அதிகாரி வந்தான். செம்பை மோந்தான். சந்தேகம் தீராமல் கிணற்றுக்கே வந்து, விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கப் போன சிப்பாயைத் திட்டி நிறுத்திவிட்டு, கண்ணாடித் துண்டால் வெயிலை உள்ளே அடித்துப் பார்த்தான். பிறகு நிலையத்தைத் தோண்டச் சொன்னான். தொட்டியின் அடிப்பக்கம் துரு தின்று பொத்தலாகியிருந்தது.

மருதமுத்துவை விட்டார்கள். வருத்தம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வலது கை விரல்கள் அதன் பிறகு சரியாக மடங்கவே இல்லை. கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். தண்ணீருக்கு லோரோங் முழுக்கத் தூர நடந்தது. இன்றைக்கும் சந்திரமதி எந்தத் தண்ணீரையும் மோந்து பார்க்காமல் குடிப்பதில்லை.

அன்று வீட்டுக்கு வந்த மருதமுத்து, அவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டான்: "கிணத்துல எதத் தேடி எறங்கின?"

சந்திரமதி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹீமாவைப் பார்த்தாள். ரஹீமா கூரையைப் பார்த்தாள்.

"செம்பைத்தான். ரொம்ப நாளா ராத்தா சொல்லிக்கிட்டே இருந்தாங்க, உள்ளதான் கெடக்கும்னு."

"ஆமா," என்றாள் ரஹீமா. "நான்தான் சொன்னேன்."

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிணறு இருக்கிற ஊரில் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். தண்ணீர் மணந்தால் ஆளைப் பிடிப்பதற்கு முன் மண்ணைப் பார்க்கட்டும். மருதமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் காதுபடச் சொல்ல நேர்ந்தால் மட்டும், செம்பைத் தேடித்தான் இறங்கினாள் என்று சொல்லுங்கள்.