சித்தப்பா பிடித்த பந்து

அறுபதுகளில் கோடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அமெரிக்கக் கோச் ஒருவர் வந்திருந்தார். அவர்கள் ஊர்ப் பந்து கோழிமுட்டை மாதிரி இருக்கும். பேர் ஃபுட்பால்; ஆனால் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அங்கே பந்து பிடித்தே சம்பளம் வாங்கியவராம். முழங்கால் போனதும், பிடிக்கச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறார் என்றார்கள். இந்தக் கதைதான் என் சித்தப்பாவைக் கெடுத்தது.

சித்தப்பா பெருமாள்மலையில் முட்டைக்கோஸ் லாரியின் மேலே நிற்பவர். கீழிருந்து எறிகிற கோஸைப் பிடித்து, திரும்பிப் பாராமலே பின்னால் அடுக்குகிறவரிடம் தள்ளிவிடுவார். ஓர் இலை கசங்காது. ஜீப்பில் அந்த வழியே வந்த கோச், இறங்கி நின்று வாயைப் பிளந்தார். பிள்ளைகளுக்குப் பிடிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வா, பார்க்கலாம் என்று டிரைவர் மூலம் சொன்னார்.

சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அப்பா தலைதலையாய் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே! சனிக்கிழமையே மேஸ்திரியிடம், "இந்தக் கோஸு சோலி இனி நமக்கு வேண்டாம்ங்க. நாளையிலருந்து நான் வாத்தியாரு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிறு என்னையும் கூட்டிப் போனார். எறிந்த பந்தையெல்லாம் பிடித்தார், கைதட்டினார்கள். அப்புறம் ஆட்டத்தில் இறக்கினார்கள். உயரத்தில் வந்த பந்தை எம்பிப் பிடித்தார். கோச் ஓடு, ஓடு என்று கையைக் காட்ட, சித்தப்பா திரும்பிப் பாராமல் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டார். எதிர்க்கட்சிப் பையன் அதை அள்ளிக்கொண்டு ஓடினான். இரண்டாம் தடவையும் அதே கதை. மைதானமே சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் குதித்துக் குதித்துச் சிரித்தேன்.

ஏன் ஓடவில்லை என்று கோச் கேட்டதை டிரைவர் தமிழில் சொன்னார்.

"கையிலயே வச்சிருந்தா அடுத்த கோஸு மூஞ்சியில விழுமேங்க" என்றார் சித்தப்பா.

கோச் கைகுலுக்கி, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். நாசமாய்ப் போன பிஸ்கட். அதையும் நான்தான் தின்றேன்.

மறுநாள் லாரிமேல் வேறொருவன் நின்றான். சித்தப்பா கீழே கூடை சுமந்துகொண்டிருந்தார். மேஸ்திரி அவரை வாத்தியாரே, வாத்தியாரே என்று விரட்டினார். மேலே ஏறவில்லையா சித்தப்பா என்று நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"மேல ஆளு இருக்குல்ல, தாயி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு ஏழு வயது. சித்தப்பாவுக்கு உயரம் என்றால் பயம் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.