சித்தப்பா ஈயம் காய்ச்சிய நாள்

எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு முன்னால் ஒரு கருங்கல் பீடம் உண்டு. அதன்மேல் நின்ற இரும்புச் சிலுவை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை சாய்ந்தது. இரண்டு தடவையும் அதைச் சிமெண்டு போட்டு நிறுத்தியிருந்தவர் என் சித்தப்பா. முதல் தடவை சாய்ந்தபோது எல்லாரும் மழையைக் குறை சொன்னார்கள். இரண்டாம் தடவை ஆடிக் காற்றில் சாய்ந்து, உபதேசியாரின் சைக்கிள்மேலேயே விழுந்தது. பின்சக்கரம் அப்பளம்போல நொறுங்கிவிட்டது. அதற்கப்புறம் மழையையோ காற்றையோ யாரும் குறை சொல்லவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வல்லக்கோட்டைக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் எங்கள் ஊர். அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் நானும் சித்தப்பா வீட்டில்தான் இருந்தோம். அவருக்கு ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் ரோட்டோரத்து லாரிப் பட்டறையில் வேலை. அங்கே கெட்டிக்காரர் என்று பேர். ஆனால் வீட்டில் அவர் ரிப்பேர் பார்த்த எந்தச் சாமானும் பிழைத்ததில்லை என்பாள் சித்தி.

மாதா திருநாள் கொடியேற்றத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஞாயிறு ஜெபம் முடிந்து உபதேசியார் பேச்சை எடுத்தார். சாமியார் மாதத்தில் ஒருநாள்தான் பூசைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் உபதேசியார் பொறுப்பு.

"இந்தாப்பா, நீ சிமெண்டு பூசினது போதும். சைக்கிளு போச்சி, பரவால்ல. அடுத்த தபா ஆளு மேல வுழுந்தா இன்னா பண்றது? மெட்ராஸ்லேர்ந்து மேஸ்திரிய கூப்ட்டுக்கலாம்."

சித்தப்பா எழுந்து நின்றார். "சிமெண்டு வாணாம் உபதேசியாரே. ஈயம் காய்ச்சி ஊத்தப் போறேன். இதுவும் சாஞ்சிதுன்னா, சப்பரத்து முன்கொம்ப யாருக்கு வேணா குடுத்துடுங்க."

திருநாளன்று மாதா சப்பரத்தைத் தோளில் தூக்கும்போது முன்கொம்பு பிடிக்கிறது எங்கள் வீட்டு உரிமை. தாத்தா பிடித்தது, அதற்கப்புறம் என் அப்பா பிடித்தது. அப்பா போனபின் சித்தப்பா பிடிக்கிறார். அதைத்தான் மனுஷன் பந்தயத்தில் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தின் முன் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை.

ஈயத்துக்கு அலைந்தார் சித்தப்பா. பட்டறையிலிருந்து பழைய குழாய்த் துண்டுகள் வந்தன. ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களும் கிழிந்த வலைகளிலிருந்து ஈயக்குண்டுகளை அவிழ்த்து ஒரு கூடை கொடுத்தார்கள். உருக்குகிறதுக்குச் சட்டி வேண்டுமே. பட்டறையில் ஒதுக்கிப் போட்ட இரண்டு கேஸ் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். காலியாகக் கிடந்த ஒன்றில் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்து, பிறகு ரம்பத்தால் குறுக்கே அறுத்தார். அடிப்பாதி சட்டி ஆனது. இன்னொன்றில் கொஞ்சம் கேஸ் மிச்சம் இருந்தது. டீக்கடையில் தூக்கிப் போட்ட பர்னரை ரப்பர் குழாயால் அதோடு இணைத்தார்.

எங்கள் ஊரில் அப்போது ஒரு வீட்டிலும் கேஸ் அடுப்பு கிடையாது. கோயிலை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்தச் சிலிண்டரைப் பார்க்கவே கூட்டம் வந்தது. வந்த எல்லாரும் பத்தடி தள்ளியே நின்றார்கள்.

"இது வெடிச்சா உன் வூடு மட்டுமில்ல, தெருவே பறக்கும்" என்றார் உபதேசியார்.

"பறந்தா நேரா மோட்சந்தான? நீங்க இன்னாத்துக்கு பயப்படறீங்க?" என்றார் சித்தப்பா. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வேலை அந்த வாரச் சனிக்கிழமை நடந்தது. காலையிலேயே சிலுவையின் அடியைக் கல்லில் வெட்டிய குழிக்குள் இறக்கி, கல்சில்லுகளைச் செருகி, நூல்குண்டு பிடித்து நேர் பார்த்தார்கள். குழிக்கும் இரும்புக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி சுற்றிலும் இருந்தது. அதில்தான் ஈயம் இறங்க வேண்டும். தூசி விழாமல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு எல்லாரும் கொல்லைக்கு, அந்தச் சிலிண்டரின் பக்கம் போய்விட்டார்கள்.

நான் போகவில்லை. எனக்குச் சித்தப்பாவின் கைவேலையில் நம்பிக்கை இல்லை, மாதாவிடம் இருந்தது. கோயிலுக்குள் பூசைப் பீடத்துக்குப் பின்னால் வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்த பாட்டில் இருந்தது. எடுத்துவந்தேன். சாக்கைத் தூக்கி, அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே அந்த இடைவெளியில் கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன். ஈரம் வெளியே தெரியவில்லை. சாக்கைப் பழையபடி போட்டு மூடினேன். வெறும் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நான் போனபோது கொல்லையில் பர்னர் உறுமிக்கொண்டிருந்தது. குண்டுகளும் குழாய்களும் சட்டிக்குள் மெல்லக் குழைந்து, கண்ணாடிபோல மின்னின. சித்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "புகையாண்ட வராதீங்க பசங்களா" என்று விரட்டிக்கொண்டே இருந்தாள். நீளக் கைப்பிடி வைத்த இரும்புக் கரண்டியில் ஈயத்தை மொண்டு, சித்தப்பா பீடத்துக்கு நடந்துவந்தார். யாரோ சாக்கை எடுத்தார்கள். எல்லாரும் முழங்காலில் நின்றார்கள்.

"இரு, இரு. தீர்த்தம் தெளிச்சிட்டு ஊத்து" என்று உபதேசியார் கோயிலுக்குள் ஓடினார்.

"ஆறிடும் உபதேசியாரே!" சித்தப்பா காத்திருக்கவில்லை. குனிந்து கரண்டியைச் சாய்க்கப் போனார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "யாரு பாட்டில காலி பண்ணது? ஒரு சொட்டு இல்ல!"

"நான்தான்!" என்றேன் பெருமையோடு. "சில்வ சாயக்கூடாதுன்னு எல்லாத்தியும் குழிலயே ஊத்திட்டேன்."

சாயப்போன கரண்டி அப்படியே நின்றது. அடுத்த நொடி சித்தப்பா பின்னால் துள்ளி, காய்ந்த மணலில் ஈயத்தைக் கொட்டினார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முகத்திலிருந்து வேர்வை சொட்டியது. சித்தி ஓடிவந்தாள்.

உருகின ஈயத்துக்கு அடியில் தண்ணீர் இருந்தால், அது ஒரே நொடியில் ஆவியாகி ஈயத்தை மேலே வீசியடிக்கும். குனிந்திருப்பவரின் கண்ணும் முகமும் மிஞ்சாது. இதை எனக்கு விளக்கிச் சொன்னது ஒரகடம் கம்பெனியில் வார்ப்பு வேலைக்குச் சேர்ந்த என் மகன். அதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. சித்தப்பா அன்று என்னைத் திட்டவில்லை. "நல்ல வேள, வாயத் தொறந்து சொன்ன கண்ணு" என்று மட்டும் சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கப்புறம் அவர் செய்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பியில் துணியைச் சுற்றிக் குழிக்குள் விட்டுத் தீர்த்தத்தை ஒத்தியெடுத்தார். உபதேசியாருக்கும் பொறுக்கவில்லை.

"அடப்பாவி, மாதா தீர்த்தத்தப் போயி இப்டி தொடைக்கிறியே!"

"கல்லுக்கு வேண்டியத கல்லு குடிச்சிட்ச்சி. மிச்சத்ததான் எடுக்கறேன். செத்த சும்மா இருங்க."

சிலிண்டரை உருட்டிவந்து, பர்னரைக் குழியோரம் சாய்த்துப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் கல்லையும் இரும்பையும் சுட வைத்தார். புகைபோல ஆவி எழுந்து அடங்கியபின்னும் விடவில்லை. பிறகு சட்டியை மறுபடி காய்ச்சினார். இந்தத் தடவை எங்களை எல்லாம் கோயில் கதவுக்கு அந்தப்பக்கம் போகச் சொல்லிவிட்டு, தான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினார்.

சத்தமே இல்லை. பால்போல இறங்கியது ஈயம். சுற்றிலும் நிரம்பி, விளிம்பில் வெள்ளியாக வந்து நின்றது.

ஆறினதும் முதலில் உபதேசியார்தான் போனார். இரண்டு கையாலும் சிலுவையைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொங்கியே பார்த்தார். அசையவில்லை. ஏரிக்கரை ஆட்கள் கயிறு கட்டி நாலு பேராக இழுத்தார்கள். கயிறுதான் அறுந்தது, நாலு பேரும் மல்லாந்தார்கள். தெருவே கைதட்டியது. உபதேசியார் தானே போய்க் கோயில் மணியை அடித்தார். "முன்கொம்பு உனுக்குத்தான்யா!" என்று மணிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

கல் நன்றாகச் சூடேறியிருந்ததால்தான் ஈயம் உறைந்துவிடாமல் மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்தது என்று பிற்பாடு சித்தப்பாவே ஒத்துக்கொண்டார். நான் ஊற்றியிருக்காவிட்டால் அவர் கல்லைச் சுட வைத்திருக்கவே மாட்டார். அப்படிப் பார்த்தால் மாதா என் கையாலும் கொஞ்சம் வேலை வாங்கிக்கொண்டாள் என்றுதான் இன்றும் நம்புகிறேன். எத்தனையோ புயல் அடித்துவிட்டது. சிலுவை நிற்கிறது.

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தீர்த்தம்தான் சிலுவையை நிறுத்தியது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு, பொழுது சாயும் நேரம் வீட்டுக்குள் துள்ளிக்கொண்டு நுழைந்தேன். கொல்லைக் கதவருகில் சித்தப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அவரோடு மல்லுக்கு நிற்கிற சித்தி, அவர் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தாள். நெற்றி, இமை, கன்னம் என்று ஒவ்வொரு இடமாக விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தடவினாள்.

கரி ஒட்டியிருக்கிறதாக்கும் என்று நினைத்து, நான் ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்து நீட்டினேன்.