ராணி கலரில் நனைந்த ஐந்தாம் வகுப்பு

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குப் பரீட்சை. ஒன்று மகளுக்கு, இன்னொன்று எனக்கு. அவளுக்காவது கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். எனக்கு அதுவும் கிடையாது.

பெரிய காஞ்சிபுரத்தில் தறி போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. முன் அறையில் தறி, பின் அறையில் நாங்கள். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து புடவையின் உடலை நெய்வார். கரை வேறு நிறமாக வருகிற கோர்வைப் புடவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அதனால் நான் எழுந்தால் தறி நின்றுவிடும். குக்கர் விசில் அடித்தால் நிற்கும், பால்காரர் கூப்பிட்டால் நிற்கும், "மா, ஏழாம் வாய்ப்பாடு கேளும்மா" என்று மகள் வந்து நின்றாலும் நிற்கும். அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பார். அதற்கு அவர் வாய்விட்டுத் திட்டியே இருக்கலாம்.

இந்த வருடம் பரீட்சை நேரத்தில் தறியில் இருந்தது சந்தன நிற உடல், அரக்குக் கரை. வைகாசி முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரவேண்டிய கல்யாணப் புடவை. சந்தன நிறத்தை நெய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஈரக் கை பட்டாலும் தெரியும், எண்ணெய்க் கை பட்டாலும் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் பிள்ளை வெளியே போய்விட்டு உள்ளே வந்தால், "சாப்டியா" என்று கேட்பதற்கு முன்னால், "கையைக் காட்டு" என்பேன்.

மகள் படித்த பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நான்கு பெண்கள் அவர்கள். அடுத்த வருடம் நான்கு பேரும் நான்கு பள்ளிக்கூடம். அதில் ஒருத்தி வீட்டையே காலி செய்துகொண்டு சென்னைக்குப் போகிறாள். என் மகளுக்குக் கணக்குப் பரீட்சையைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. கடைசிப் பரீட்சை முடிந்ததும் பள்ளி வாசலில் நடக்கிற இங்க் விளையாட்டைப் பற்றித்தான் கவலை.

நம் ஊரில் படித்த யாருக்கும் இதைச் சொல்லித் தரவேண்டாம். கடைசி மணி அடித்ததும் ஒருவர் சட்டையில் ஒருவர் இங்க் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் உதை வாங்குவது வழக்கம். என் மகள் ஒரு வருடம்கூட அதில் கலந்துகொண்டதில்லை. நான் விட்டால்தானே! மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்று, வெளியே வந்தவளைக் கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். இங்க் கையோடு பிள்ளை பட்டு இருக்கிற வீட்டுக்குள் வருவதா? அதுவும் போக, அவளுடைய யூனிபார்மை என் தங்கை மகளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

"மா, இந்த வருசம் மட்டும்மா. அப்புறம் நாங்க ஒண்ணா இருக்கவே மாட்டோம்மா."

"இன்னாடி ஒண்ணா இருக்கமாட்டீங்க? எல்லாம் இதே ஊர்லதானே கெடக்கப்போறீங்க."

"அவ சென்னைக்குப் போறாளேம்மா. சாமானெல்லாம் கட்டிக்கினு இருக்காங்க."

"முடியாதுன்னா முடியாது. தறியில இன்னா கலர் இருக்குதுன்னு கண்ணு தெரியுதில்ல?"

அவள் அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அழவில்லை. மறுநாளிலிருந்து வீட்டுக்குள் வரும்போது நான் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் என் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனாள். ஜெயிலுக்குள் போகிறவள் மாதிரி. எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பெற்ற மனசு பித்து என்று சும்மாவா சொன்னார்கள்!

பித்துப் பிடித்த மனசுக்குத்தான் அந்த யோசனை வந்தது. என் கொழுந்தனார் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் தந்து மீந்த சாயப்பொடிப் பொட்டலங்கள் எங்கள் வீட்டுப் பரணில் உண்டு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண்ணால் பார்த்த ஒரு விஷயம், பட்டுச் சாயம் பருத்தித் துணியில் நிற்காது. ஈர நூலிலிருந்து வீட்டுக்காரரின் வேட்டியில் எவ்வளவு சாயம் சொட்டினாலும், சோப்புப் போட்டு இரண்டு அலசு அலசினால் போய்விடும். அப்புறம் என்ன? இங்க் எதற்கு? நம் வீட்டுச் சாயத்தையே தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டால் விளையாடின மாதிரியும் ஆயிற்று, யூனிபார்மும் தப்பித்தது. கையை வாசலிலேயே கழுவிவிட்டு உள்ளே வரட்டும். இத்தனை வருடம் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசிப் பரீட்சையன்று காலையில் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ராணி கலர் பொட்டலத்தைப் பிரித்தேன். கல்யாணப் புடவைகளில் பளீரென்று வருமே, அந்த ரோஜா நிறம். தண்ணீர் பாட்டிலில் ஒரு சிட்டிகை போட்டேன். பட்டுக்காரர் வீட்டுப் பெண் வெளுத்த கலர் கொண்டு வந்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு சிட்டிகையும் போட்டேன். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.

"கண்ணுல மட்டும் அடிக்கக் கூடாது. புரியுதா?"

அவள் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறகு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் பரணையே காலி செய்து கொடுத்திருப்பேன்.

பகலில் பள்ளி வாசலில் போய் நின்று பார்த்தேன். நீல இங்க் கொண்டு வந்த பிள்ளைகளை ஒருவரும் சீண்டவில்லை. எல்லோருக்கும் ராணி கலர்தான் வேண்டும். "எனக்கு, எனக்கு" என்று முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். என் மகளைச் சுற்றி அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. நான்கு பெண்களும் உள்ளங்கையில் ஊற்றி ஒருத்தி கன்னத்தில் ஒருத்தி பூசி, கத்தி, விழுந்து, எழுந்து ஒரே கும்மாளம். சென்னைக்குப் போகிறவள் தன் ஈரக் கையை என் மகளின் உள்ளங்கையோடு ஒட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குடையோடு வெளியே வந்த வகுப்பு மிஸ்ஸையும் விடவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே தலையைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டேன். இரண்டு அலசு. கொடியில் காயப்போட்ட சட்டை கொக்கு மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு மகளைக் குளிப்பாட்ட உட்கார்ந்தேன்.

ஒரு சோப்பு போட்டேன், போகவில்லை. மறுபடி போட்டேன். கடலைமாவு, எலுமிச்சம்பழம், தயிர் எல்லாம் போட்டேன். கழுவக் கழுவ அது இன்னும் மினுமினுப்பாகத் தெரிந்தது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. முழங்கை வரைக்கும் ராணி கலர். வெள்ளை நைலான் ரிப்பன்கூட ராணி கலர்.

"ஐயையோ, ஏங்க! இங்க கொஞ்சம் வாங்களேன்!"

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். நான் எடுத்துக் காட்டிய சாயப் பொட்டலத்தைப் பார்த்தார். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"உனுக்கு மூளை இருக்குதா? கண்ணுல பட்டிருந்தா இன்னா ஆவறது?"

"துணியில நிக்காதுங்களே..."

"துணியில நிக்காது. பருத்தி செடியில வர்றது. பட்டு உயிர்ல வர்றதும்மா. தோலு, முடி, நகம் எல்லாம் உயிருதானே? பட்டுல புடிக்கிறது அதுல புடிக்காதா?" சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "என் தம்பி கையை என்னைக்காவது வெள்ளையாப் பாத்திருக்கியாடி நீ?"

பார்த்ததில்லை. கொழுந்தனார் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதே பச்சைக் கையோடுதான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. சாயங்காலத்துக்குள் அம்மாக்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சென்னைக்குப் போகிற பெண்ணின் அம்மாதான் முதலில் வந்தாள். மகளின் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ஏம்மா, புது ஸ்கூல்ல அட்மிஷனுக்கு இந்த மூஞ்சிய வெச்சிக்கினு எப்படிம்மா கூட்டிக்கினு போறது?"

"தெரியாம பண்ணிட்டேம்மா. தானா போயிடும்."

"எப்போ போவும்?"

அது எனக்கே தெரியாது. அவள் வாசலில் நின்று கொடுத்த அர்ச்சனையைத் தெருவே கேட்டது. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை, ஆனால் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பார்த்தால் என் மகளும் அவள் மகளும் கண்ணாடி முன்னால் நின்று ஒருத்தி கன்னத்தில் இருக்கிற கைத்தடம் யாருடையது என்று விரலை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் முதல் வேலையாக எல்லாப் பிள்ளைகளுக்காகவும் டாக்டரிடம் கேட்டேன். எரிச்சல் எதுவும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், இனிமேல் இந்த வேலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அங்கிருந்து மிஸ் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவரே வந்து கதவைத் திறந்தார். முன்னந்தலையில் நரைத்த முடி அத்தனையும் அப்பட்டமான ராணி கலர்.

"மிஸ், என்னை மன்னிச்சிருங்க மிஸ்."

"அட, உள்ள வாம்மா. காமாட்சி கோயில்ல பாக்கறவங்கல்லாம் எந்த பார்லர்ல போட்டீங்கன்னு கேக்கறாங்க." குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு என் வேலை தேய்க்கிற வேலை. காலையில் ஒரு தேய், மாலையில் ஒரு தேய். நடுவில் தறி. மகளின் கை தெளிகிற வரைக்கும் தறிப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவைத்தேன். ஒவ்வொரு குளியலுக்கும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கன்னம் முதலில் தெளிந்தது. முழங்கை தெளிந்தது. உள்ளங்கையிலும் நகத்திலும் மட்டும் மிச்சம் இருந்தது. முதல் நாள் துள்ளிக் குதித்தவள் நாளாக நாளாகச் சுருங்கிப்போனாள். வெளியே போக வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மாலையில் கடலைமாவுக் கிண்ணத்தோடு கூப்பிட்டேன். கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

"மா, இது எப்போ போவும்?"

"ஆச்சுடி கண்ணு. இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சா சுத்தமாப் போயிடும்."

நல்ல சேதி சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் உதடு கோணியது, உடனே ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"போவக் கூடாதும்மா. தேய்க்காதம்மா. அது சென்னைக்குப் போறவ கை வெச்சதும்மா."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். என்ன பைத்தியக்காரி நான்! நான் கறையைப் போக்குவதாக நினைத்து, பிள்ளையைத் தினம் இரண்டு வேளை அழவைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பட்டாக இருந்தால் சாயம் போகாமல் நிறுத்த ஆயிரம் வழி உண்டு எங்களுக்கு. பிள்ளை கையை என்ன செய்வது? அவளை மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு என்னை அர்ச்சனை செய்தவளுக்கே போன் போட்டேன். திட்டினால் திட்டட்டும் என்றுதான் போட்டேன். அவள் குரலில் அந்தக் காரமே இல்லை.

"நான் நல்லா பீர்க்கங்கா நாரு போட்டுத் தேய்ச்சு மொத்தமா எடுத்துட்டேம்மா. சந்தோசப்படுவாளேன்னு பாத்தா, அப்போலருந்து அழுதுக்கினே இருக்கா. இன்னா பண்றதுன்னே தெரியல. நாளன்னைக்கு வண்டி வருது."

"நாளைக்குக் காலையில இட்டாந்து வுடு. மத்த ரெண்டு பேரையும் நான் கூப்புடறேன். பொழுதுக்கும் இருக்கட்டும்."

"உங்க வூட்ல தறி இருக்குதே?"

"தறி எங்கம்மா ஓடிப்போவுது?"

மறுநாள் வீட்டுக்காரர் நான் கேட்காமலே தறியின் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு நுங்கு வாங்கப் போனார். நான்கு பெண்களும் பின் அறையில் வட்டமாக உட்கார்ந்து, கைகளைத் தரையில் பரப்பி வைத்து, யாருக்கு இன்னும் நிறம் இருக்கிறது என்று பார்த்தார்கள். மூன்று பேருக்கு இருந்தது. சென்னைக்குப் போகிறவளின் கை மட்டும் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவள் மெல்லக் கையை இழுத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

என் மகள் அந்தக் கையை வெளியே எடுத்து, தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்னுது கொஞ்சம் இருக்குது பாருடி. அது நீ வெச்சதுதான்."

நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.