ஜீப்பில் படித்த எம்.ஏ.

ராயப்பன்பட்டி ஞானசெல்விக்கு பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம். அதன்பிறகு ஏலத்தோட்டத்து வேலைதான். விடியுமுன்னே மற்ற பெண்களோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போய், ஏலக்காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவாள். மகள் பிரின்சி நர்சிங் சேர்ந்த வருஷம், விட்ட படிப்பைத் தொட அவளுக்கும் ஆசை வந்தது. தபால்வழியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்தாள். கணவன் அருளப்பன், "படி, நானா வேண்டாங்கிறேன்" என்றதோடு நிற்காமல், ராத்திரிச் சோறாக்கும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

அப்படியும் முதல் வருஷம் ஒரு பேப்பர் போய்விட்டது. நோட்ஸை வரி மாறாமல் உருப்போட்டிருந்தாள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் கை ஓடவில்லை.

மலைப்பாதை வளைவுகளில் புத்தகத்தைப் பிரித்தால் தலை சுற்றும். அதனால் பாடத்தைத் தன் குரலிலேயே போனில் பதிந்து, காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு போவாள். ஒருநாள் இயர்போன் அறுந்து, சத்தம் ஜீப் முழுக்கக் கேட்டது. கூசிப்போய் அணைக்கப் போனவளை முத்துப்பேச்சி தடுத்தாள். அதே தோட்டத்தில் வேலை செய்பவள், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வருபவள்.

"ஓடட்டும்த்தா. அது என்ன, இறையாண்மைங்கிற?"

செல்வி நோட்ஸில் இருந்ததை ஒப்பித்தாள். ஒருத்திக்கும் விளங்கவில்லை. தனக்கே விளங்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சற்று யோசித்து, "ஒரு வீட்டுல கடைசி வார்த்தை யாரோடது? அதுக்கு மேல பேச்சில்லைங்கிற அதிகாரம் இருக்குல்ல, அதுதான்க்கா" என்றாள்.

"எங்க மாமியா சொல்றாகளே, அதுவா" என்றாள் பின்னாலிருந்து முத்துலட்சுமி. ஜீப்பே சிரித்தது.

முத்துப்பேச்சி விடவில்லை. "செக்போஸ்ட்டுக்கு இங்கிட்டு ஒரு சர்க்காரு, அங்கிட்டு ஒரு சர்க்காரு, மேல டெல்லி. அப்ப கடைசி வார்த்தை யாருக்கு?"

"நாளைக்குச் சொல்றேன்க்கா" என்றாள் செல்வி. வீட்டுக்குப் போய்க் கூட்டாட்சிப் பாடத்தை முதலிலிருந்து வாசித்தாள். மறுநாள், எதெது மாநிலத்துக்கு, எதெது டெல்லிக்கு, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று தன் சொல்லில் விளக்கினாள். அன்று முதல் தினம் ஒரு பாடம் நடந்தது. ஜீப் ஏறியதும் "இன்னைக்கு என்ன" என்று அவர்களே கேட்டார்கள்.

இரண்டாம் வருஷப் பரீட்சை வந்த சமயம் காய் பழுத்துக் கிடந்தது. லீவு கிடையாது என்றுவிட்டார் சூப்பர்வைசர். "அவ பங்கை நாங்க எடுத்துர்றோம்ங்க" என்றாள் முத்துப்பேச்சி. சொன்னபடியே, எல்லோரும் கூட நேரம் நின்று எடுத்தார்கள். அருளப்பன் பைக்கில் பெரியகுளத்துக்குக் கூட்டிப்போனான். கேள்வித்தாளைப் பிரித்த செல்வி, முத்துப்பேச்சிக்குச் சொல்வதுபோலவே எழுதினாள். போன பேப்பரும் சேர்ந்து தேறியது.

ரிசல்ட் வந்த அன்று டீக்கடையில் ஜீப் நின்றது. செல்வி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "ரொம்ப நன்றிக்கா" என்றாள்.

"படிச்சது நீ. நாங்க சும்மா கேட்டுக்கிட்டு வந்தோம்" என்றாள் முத்துப்பேச்சி.

"கேட்டீகளேக்கா. அதுக்குத்தான்."